எருமை நாக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரி மீன் கடையில் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டிய சரக்கு

நம்மூர்க் கடல்மீன் கடைகளில் ஐஸ் தட்டின் முன்வரிசை வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் போய்விடும். எருமை நாக்கு வந்திருந்தால் ஓரமாகத்தான் கிடக்கும். மண் நிறம், கோணல் வாய், ஒரே பக்கத்தில் இரண்டு கண். "இதென்னண்ணா, லாரி ஏறின மீனா?" என்று கேட்டுவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர். தர்மபுரிக்கு இன்னும் கொஞ்சம் கூட. அந்தத் தூரத்தைத் தாங்கி வந்து சட்டியில் இறங்குகிற மீன் எது என்று பார்த்தால், இந்தக் கோணல் வாய்க்காரனுக்கு முதல் மூன்று இடத்துக்குள் ஒன்றைக் கொடுக்கலாம். சரியான மீனை எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். இதன் அறிவியல் பெயர் செட்டோடெஸ் எருமெய். அந்த 'எருமெய்' வேறொன்றும் இல்லை, நம்ம எருமைதான். 1801-ல் பிளாக், ஷ்னைடர் இருவர் பெயரில் வந்த மீன் நூலில், தரங்கம்பாடிக் கடலில் கிடைத்த மீனாக இது பதிவானது. கரையில் சொன்ன பெயரையே லத்தீன் எழுத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே கடையில் 'ஹாலிபட்', 'டர்பட்' என்று பலகையில் எழுதி விலையை ஏற்றியிருந்தால் மயங்க வேண்டாம். ஹாலிபட் என்று உலகம் சொல்வது குளிர்கடலில் ஆள் உயரத்துக்கு வளரும் வேறொரு மீன். இது வெப்பக்கடல் மீன். செங்கடலில் தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இருக்கிறது. பொதுவாக அரை மீட்டர் நீளம் வரும், மிஞ்சினால் 64 சென்டிமீட்டர்.

தட்டை மீன் என்றதும் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது வவ்வால். அடுத்து திருக்கை. இந்த மூன்றும் மூன்று விதமான தட்டை. வவ்வால், கழுவி அடுக்கில் நிறுத்திய தட்டு மாதிரி நிமிர்ந்து நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண். திருக்கை, மேலிருந்து அமுக்கிய சப்பாத்தி மாதிரி. வயிறு தரையில், வாய் அடியில், கண் முதுகில். எருமை நாக்கு, நிற்க வேண்டிய தட்டு சாய்ந்து படுத்துவிட்ட கதை. அது தரையில் வைத்திருப்பது வயிற்றை அல்ல, உடம்பின் ஒரு பக்கத்தை. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலத்தான் நிமிர்ந்து நீந்தும். கண்ணும் பக்கத்துக்கு ஒன்று. வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி எதிர்ப்பக்கத்துக்கு நகர்கிறது. மண்டையும் வாயும் அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. கண் இருக்கும் பக்கம் பழுப்போ சாம்பலோ ஆகிவிடும். தரையோடு ஒட்டும் பக்கம் வெளுத்தே இருக்கும்.

தட்டை மீன்களில் எருமை நாக்கு பழைய சாயலை விடாதது. நகர்ந்த கண் முழுசாகத் தாண்டி வராமல் உச்சந்தலை விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. முதுகுத் துடுப்பு மற்ற தட்டை மீன்களில் தலை மேல் ஏறி வரும்; இதில் கண்ணுக்கு நன்றாகப் பின்னால் தொடங்கும், முன்பகுதியில் முள்ளும் இருக்கும். கடையில் அடையாளம் காண இந்த இரண்டும் போதும். இன்னொன்று, கண் எந்தப் பக்கம் என்பது. வயிறு உங்களைப் பார்க்க, கண் பக்கம் மேலே இருக்க மீனை வையுங்கள். தலை இடப்பக்கம் இருந்தால் இடக்கண் மீன், வலப்பக்கம் இருந்தால் வலக்கண் மீன். சின்ன நாக்கு மீன்களில் எல்லாமே இடக்கண்தான். எருமை நாக்கில் இரண்டு விதமும் கலந்து வரும். ஒரே பெட்டியில் இரண்டும் கிடந்தால் 'வேற மீனைக் கலந்துட்டாங்க' என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

வாழும் இடம் மணலும் சேறும் கலந்த கடல் தரை. ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து 100 மீட்டர் வரை இருக்கும் என்றாலும், அதிகம் காணப்படுவது 22 முதல் 50 மீட்டரில். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை முழுக்க நிரம்பினால் 52 அடி, அதாவது ஏறக்குறைய 16 மீட்டர். அதைப்போல ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தரையோடு தரையாகக் கிடக்கும், இரவில் இரை தேடும். இரை பெரும்பாலும் சின்ன மீன்கள். அதனால்தான் வாய் அத்தனை பெரிது, பல் அத்தனை கூர். வீட்டில் சுத்தம் செய்பவர்கள் வாய்க்குள் விரலை விட்டு மீனைத் தூக்க வேண்டாம். செத்த மீனும் கிழிக்கும்.

இந்த வாழிடத்துக்கும் நம் தட்டில் விழும் துண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தரையில் கிடக்கும் மீனை விசைப்படகின் இழுவைமடி (கடல் தரையோடு இழுத்துவரும் வலை) அள்ளிக்கொண்டு வருகிறது. மடி நேரம் கழித்துத்தான் மேலே வரும். அதுவரை மற்ற மீன், நண்டு, சேறு எல்லாவற்றின் பாரமும் இதன் மேல். எனவே பழைய மீன் இல்லாமலே சில மீன்கள் நசுங்கியிருக்கும். நசுங்கிய இடத்தில் சதைக்குள் ரத்தம் கட்டும், அந்த இடம் மற்ற இடத்துக்கு முன்பே கெடும். பழுப்புப் பக்கத்தில் இது ஒன்றுமே தெரியாது. கடைக்காரர் அடுக்குவதோ எப்போதும் பழுப்புப் பக்கம் மேலே. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, கண் தெரிந்தால்தானே மீன் மாதிரி இருக்கும்! "அண்ணா, கொஞ்சம் புரட்டிப் போடுங்க" என்று கேளுங்கள். இந்த மீனை வாங்குவதில் பாதி வேலை அதுதான்.

புரட்டினால் வெள்ளைப் பக்கம் பால் வெள்ளையாக, லேசான பளபளப்போடு இருக்க வேண்டும். ஆங்காங்கே கைரேகை அளவு சிவப்பு இருந்தால் மடியில் உரசியது, பரவாயில்லை. முதுகெலும்பு ஓடும் நடுக்கோட்டை ஒட்டி ரோஜா நிறம் படர்ந்திருந்தாலோ, மொத்தமாக மஞ்சள் தட்டியிருந்தாலோ விட்டுவிடுங்கள். அடுத்து தலைக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். இந்த மீனுக்குக் குடல் இருக்கும் இடம் சின்னது, தலையை ஒட்டியே முடிந்துவிடும். மற்ற மீனுக்குப் பார்ப்பது போல நடு உடம்பில் அமுக்கினால் அங்கே சதைதான், உண்மை தெரியாது. குடல் பகுதியில் அமுக்கினால் விரல் பள்ளம் உடனே எழ வேண்டும். இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட மீனில் செரிமான நீர் வயிற்றுச் சுவரையே அரித்துவிடும். அங்கே தொளதொளவென்று இருந்தால் மற்றப் பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். செவுளைத் தூக்கும்போது கொஞ்சம் சேறு இருக்கலாம், அது தரையில் வாழும் மீனுக்கு இயல்பு. சேற்றைத் துடைத்தால் அடியில் சிவப்பு தெரிய வேண்டும். பழுப்பு என்றால் நாளாகிவிட்டது. மேலே இருக்கும் வழவழப்பு தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலாக, பசை போல இழுபடக் கூடாது.

இப்போது பயணக் கணக்கு. இங்கே வரும் மீன் கரையில் ஏலம் முடிந்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு அடுக்கப்பட்டு, இரவோடு இரவாக வந்து விடியலில் இறங்குகிறது. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. அதில் கைவைத்தால் மீன் பேசிவிடும். ஆனால் எல்லா மீனும் ஒரே வேகத்தில் பேசுவதில்லை. மத்தி, அயிலை போன்ற கொழுப்பு மீன்களில் எண்ணெய் காறிப்போகும். அயிலை, சூரை வகையில் சூடு பட்டால் ஹிஸ்டமின் ஏறும். சமைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். திருக்கையின் சதையில் யூரியா உண்டு. செத்த பிறகு அது அம்மோனியாவாக மாறுவதால்தான் உள்ளூர்க் கடைகளில் திருக்கைப் பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எருமை நாக்கு கொழுப்பு குறைந்த, கெட்டிச் சதை மீன். இந்த மூன்று வம்பும் இதில் இல்லை. ஐஸ் ஒழுங்காக இருந்தால், வந்த நாளுக்கு மறுநாள்கூட நல்ல மீனாகவே இருக்கும். வஞ்சிரம், வவ்வால் விலையோடு ஒப்பிட்டால் பணப்பைக்கும் பாரமில்லை.

ஐஸ் ஒழுங்காக இருக்கிறதா என்பதைப் பெட்டியே சொல்லும். மீன் ஐஸுக்குள் இருக்க வேண்டும்; ஐஸ் உருகிய தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. அடியில் ஓட்டை இல்லாத பெட்டியில், கலங்கிய தண்ணீரில் ஊறும் மீனுக்கு வெள்ளைப் பக்கம் சாம்பல் பூக்கும், ருசி தண்ணீரோடு போய்விடும். மீன் கெடாமல் இருக்க ஃபார்மலின் ரசாயனம் கலக்கிறார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. தொட்டுப் பார்த்தோ ஈ மொய்க்கிறதா என்று பார்த்தோ அதை உறுதி செய்ய முடியாது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்கென்றே சோதனைத்தாள் உருவாக்கியிருக்கிறது. கடைக்காரர் அதை வைத்திருந்தால் அந்தக் கடைக்குத் தாராளமாக ஒரு மதிப்பெண் கூட்டலாம்.

முழு மீனாக வாங்குவதையே பரிந்துரைக்கிறோம். எடை போட்ட பிறகு கண் முன்னால் கட்டிங். ஏனென்றால், உறைபனிப் பெட்டியில் 'சோல் ஃபில்லெட்' (தட்டை மீனின் முள்ளில்லாத துண்டு) என்று கிடைக்கும் வெள்ளைத் துண்டுகளில் பல, தட்டை மீனே அல்ல. பெரும்பாலும் பாசா என்று அழைக்கப்படும் பாங்கேசியஸ், ஆந்திரக் குளங்களிலும் ஏராளமாக வளர்க்கப்படும் நன்னீர்க் கெளுத்தி இனம். பாசாவைக் குறை சொல்லவில்லை. அதை அதன் பெயரில், அதன் விலையில் விற்றால் சரி. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பாசாத் துண்டு நடுவில் தடித்து, ஒரு கையளவு அகலமாக, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். நடுவில் சிவந்த கோடு ஓடும். எருமை நாக்குத் துண்டு மெலிதாக, நீளமாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கல்லில் போட்டால் பாசா தண்ணீர் விட்டு வேகும், இது விடாது. பாக்கெட்டில் நிகர எடையைப் பாருங்கள், மேலே பூசியிருக்கும் ஐஸையும் மீன் விலையில் வாங்கிவிடக் கூடாது.

சில கடைகளில் உள்ளங்கை நீளத்தில் நாக்கு மீன் வரும். இதுவும் மணல் தரையில் வாழ்கிற தட்டை மீன்தான், ஆனால் வேறு குடும்பம். வால் தனியாகத் தெரியாது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு சேர்ந்து ஒரே குஞ்சமாக முடியும். மார்புத் துடுப்பு கிடையாது. வாய் சின்னது, கொக்கி போல வளைந்தது; புழுவும் சின்ன இறாலும்தான் இரை. வறுக்க அருமை, குழம்புக்கு வேண்டாம், கரைந்துவிடும். தோலை உரித்தே ஆக வேண்டும். தலை நுனியில் கத்தியால் கீறி, விரலில் கல் உப்பைத் தொட்டுக்கொண்டு வால் பக்கமாக ஒரே இழுப்பு. உப்பு இல்லாமல் இழுத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். சந்தையில் இதன் கருவாடும் கிடைக்கும். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

எருமை நாக்கில் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ மீன்தான் சரியான அளவு. 700 கிராமுக்குக் கீழே என்றால் தலையும் முள்ளும்தான் மிஞ்சும். தலை பெரிது என்பதால் கழிவு அதிகம், அதை இந்த மீனின் உண்மையான குறையாகவே சொல்ல வேண்டும். துண்டாக வெட்டினால் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவும், முள்ளில்லாத ஃபில்லெட்டாக எடுத்தால் பாதிக்கும் குறைவாகவும் கிடைக்கும். நாலு பேர் உள்ள வீட்டுக்குக் குழம்பு என்றால் ஒன்றேகால் கிலோ, வறுவல் மட்டும் என்றால் ஒன்றரை.

நம்மூர்க் கடைகள் கோட்டை விடுவது இந்த வெட்டில்தான். கட்லா, ரோகு வெட்டிப் பழகிய கை, இதையும் அப்படியே குறுக்கே நறுக்கித் தள்ளிவிடுகிறது. எருமை நாக்கின் இரண்டு ஓரத்திலும் துடுப்பைத் தாங்கும் பொடிமுள் வரிசை நீளத்துக்கு ஓடும். வெட்டும் முன் கத்தரியால் இரண்டு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையாக நறுக்கி எறியச் சொல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால், 'முள்ளே இல்லாத மீன்' என்று நம்பிக் குழந்தைக்கு ஊட்டுகிற வாயில்தான் அது மாட்டும். செய்துவிட்டால் நடுமுள் ஒன்றுதான் மிச்சம், துண்டைத் தொட்டாலே கழன்று வரும். செதில் சின்னது, ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் வாலிலிருந்து தலைக்குச் சுரண்ட வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் செதிலே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். குடல் குழியில் கறுத்த ரத்தம் ஒட்டியிருக்கும், விரல் நகத்தால் சுரண்டிக் கழுவினால்தான் போகும். வாடை என்று பலர் புகார் சொல்வது பெரும்பாலும் அந்த ஒரு ஸ்பூன் ரத்தத்தின் வாடைதான்.

ஃபில்லெட் வேண்டுமானால் வீட்டிலேயே எடுக்கலாம், நீளமான மெல்லிய கத்தி இருந்தால் போதும். பழுப்புப் பக்கம் மேலே. நடுக்கோட்டில் தலையிலிருந்து வால் வரை முள்ளைத் தொடும் ஆழத்துக்கு ஒரு கீறல். கத்தியைப் படுக்கவைத்து, முள்ளின் மேலேயே உரசியபடி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டினால் ஒரு துண்டு, மறுபுறம் இன்னொன்று. மீனைப் புரட்டி அதே வேலை. மொத்தம் நான்கு. வெள்ளைப் பக்கத்துத் துண்டுகள் மெலிதாகத்தான் வரும், அதனால் அவற்றைத் தனியாக, ஒரு நிமிடம் குறைத்து வறுக்க வேண்டும்.

வறுவலுக்கு அரைக்கிலோ துண்டுக்கு 2 டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் மஞ்சள், 1 டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, 1 டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, உப்பு. எலுமிச்சையைக் கடைசியில்தான் பிழிய வேண்டும். மசாலாவில் சேர்த்து மணிக்கணக்கில் ஊறவைத்தால் புளிப்பிலேயே சதை வெந்து, கல்லில் போட்டதும் உதிரும். ஊற 20 நிமிடம் போதும். ஒட்டிக்கொள்வது இந்த மீனைப் பற்றிய அடுத்த புகார். காரணம் ஈரம். மசாலா தடவும் முன் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டு, மூன்று நிமிடம் தொடாமல் விட்டால் தானாகவே கல்லை விடும். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் கொழுப்பில்லாத சதை சக்கையாகும்.

குழம்பு என்றால் முள்ளோடு துண்டுதான். மத்தி போல இது குழம்புக்கு எண்ணெய் தராது, ஆகவே கடலை எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக, முக்கால் கிலோவுக்கு 5 டேபிள்ஸ்பூன் வரை விடலாம். எலுமிச்சை அளவு புளி, 3 தக்காளி, 150 கிராம் சின்ன வெங்காயம். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீன். மிதமான தீயில் 7 அல்லது 8 நிமிடம். கரண்டி போடக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. கிளிமூக்கு மாங்காய் கிடைக்கும் காலமாக இருந்தால் அரை மாங்காயைப் போட்டுப் புளியைப் பாதியாக்குங்கள். மெல்லிய சதை மீனுக்கு மாங்காய்ப் புளிப்பு, புளியைவிட நன்றாகவே ஒத்துப்போகிறது.

ஆனால் மாங்காய் சீசனில்தான் இந்த மீனுக்குத் தட்டுப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. இழுவைமடி இல்லையென்றால் தரை மீனும் அநேகமாக இல்லை. மே கடைசி வரை மங்களூர்ச் சரக்கும், ஜூன் 9 வரை கேரளச் சரக்கும் வரும். பிறகு அந்தப் பக்கமும் தடை. இந்த நாட்களில் 'இன்னிக்குக் காலையில காசிமேட்டுல இருந்து வந்தது' என்று இழுவைமடி மீனைக் காட்டினால், அது குளிர்கிடங்கிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். கேட்டு, உறைபனி மீன் விலைக்கு வாங்குங்கள். புரட்டாசியில் விலை இறங்கும். ஆனால் வாங்குவோர் குறைவதால் பெட்டியிலேயே நாள் கடக்கும். அப்போது ஞாயிறு காலை சரக்கு இறங்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. திங்கள், செவ்வாயில் தட்டில் இருப்பது பெரும்பாலும் ஞாயிறு மிச்சம்தான்.

ஒரேயடியாக வாங்கி வைப்பவர்கள் துண்டுகளைக் கழுவி, ஈரம் ஒற்றி, ஒரு வேளைக்கு ஒரு உறையாகக் காற்றில்லாமல் கட்டி உறைய வையுங்கள். எடுக்கும்போது முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட வேண்டும். வெந்நீரில் போட்டு அவசரமாக உருக்கினால் வெளிச்சதை வெந்து, உள்ளே பனிக்கட்டியாகவே இருக்கும்.

தலையையும் நடுமுள்ளையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், காசு கொடுத்த எடைதானே. இரண்டையும் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் பிசுபிசுப்பான நல்ல சாறு கிடைக்கும். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு, புளி கரைத்துச் சேர்த்தால் மறுநாள் கேழ்வரகுக் களிக்குத் தொட்டுக்கொள்ள அதுவே போதும். தலையைச் சட்டியில் போடும் முன் செவுளை மட்டும் வேரோடு பிடுங்கிவிடுங்கள். இருந்தால் சாறு கசக்கும், சேறும் கரையும்.